கரையை உள்ளே வைத்து மடி

போன வாரம் என் மகன் குமரன் போன் செய்தான். "நைனா, கட்சிக்காரரு ஒருத்தர் வண்டிகிட்ட வந்து நம்ம தெரு யாரு பக்கம் சாயுதுன்னு கேக்கறாரு. இன்னா சொல்றது?" என்றான். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவனுக்கு ஆள் வந்துவிட்டது, போனை வைத்துவிட்டான். மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குமரனுக்கும் என் மகள் செல்விக்கும் மட்டும் இல்லை, இஸ்திரி வண்டிக்குப் புதிதாக வந்திருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேய்ப்பது எப்படி என்று எழுதப்போவதில்லை. எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்பது உங்கள் கைக்கே தெரியும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாயை என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான பாடம். எனக்கு அது ஒரு வேட்டியால் விளங்கியது.

கட்சிகளின் பேரை எழுத மாட்டேன். செஞ்சியில் யார் எந்தக் கரை வேட்டி கட்டுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அகலக் கரைக் கட்சி, ஒல்லிக் கரைக் கட்சி என்று ரெண்டு வைத்துக்கொள்ளுங்கள். நம்ம தெருவில் பஜார் முனையில் அகலம் அதிகம், கோட்டைப் பக்கம் போகப் போக ஒல்லி அதிகம். நடுவில் ஒருத்தர் ரெண்டும் வைத்திருந்தார். காலையில் அகலம், சாயந்திரம் ஒல்லி. ஏண்ணே என்று கேட்டால், "காலைல எழுந்தா ஒரு எண்ணம் இருக்குது, வெயில் தாழ்ந்தா வேற எண்ணம் வந்துடுதுபா" என்பார். ஆட்சி மாறினால் பழைய கரை வேட்டி எல்லாம் தலையணை உறை ஆகிவிடும். பழைய கட்சி மேல் தலையை வைத்துக்கொண்டு புதுக் கட்சிக்காரர் தூங்குவார்.

இதெல்லாம் யாருக்குத் தெரியும்? நமக்குத்தான். அதனால்தான் தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் நம்ம வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

நான் தொழில் பழகியது திண்டிவனத்தில் ஒரு கடையில். அந்தக் கடைக்காரர் அதிகம் பேசமாட்டார். அவர் வாயிலிருந்து நான் கேட்டது ரெண்டே விஷயம். ஒன்று, கரை வேட்டி என்றால் கரையை உள்ளே வைத்து மடி. பார்க்கிறவனுக்கு வெள்ளைதான் தெரிய வேண்டும். இதைக் கேட்காத ஒரு ஆள் பஜாரின் அந்தக் கோடியில் இருந்தார். அழகாக இருக்கிறது என்று கரை வெளியே தெரிய மடித்து வரிசையாக அடுக்கி வைப்பார். ஒரு நாள் ஒரு கட்சிக்காரர் வண்டி ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டே அடுக்கைப் பார்த்தார். டீ முடிவதற்குள், கோயில் திருவிழாக் கமிட்டியிலிருந்து யாரை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டார். எடுக்கப்பட்டவர் மறுநாள் இஸ்திரிக்காரர் வீட்டு வாசலில் சண்டைக்கு நின்றார். நியாயம்தானே.

கடைக்காரர் சொன்ன ரெண்டாவது விஷயம், "துணி பொகையுதுன்னா மொதல்ல பெட்டிய தூக்கு. யார் தப்பு, எப்படி ஆச்சுன்றதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." கரிப் பெட்டிக்குச் சொன்னார். நான் அதை வேறு இடத்தில் பயன்படுத்தினேன்.

இனி வேட்டிக்கு வருகிறேன். பேரூராட்சித் தேர்தல் வந்த சமயம். நம்ம வார்டு அந்த முறை பெண்கள் வார்டு என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து தெருவில் ஆண்கள் எல்லாம் பெண்டாட்டியை "வாம்மா, போம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வேர்க்கடலை மண்டி, நம்ம பேச்சில் மல்லாட்டை மண்டி, வைத்திருந்த ரத்தினவேலு அண்ணனை உங்களுக்குத் தெரியும். ஒல்லியான ஆள், மூங்கில் கழி மாதிரி இருப்பார். அவர் அகலக் கரை. பிறந்ததிலிருந்தே அகலம் என்று சொல்லிக்கொள்வார். தன் வீட்டுக்காரம்மா கோமளா அக்காவுக்குத்தான் சீட்டு என்று வெல்லம் வாங்கித் தெருவுக்கே கொடுத்துவிட்டார். கட்சியோ சீட்டை உள்ளூர்த் தலைவரின் மருமகளுக்கு என்று சொல்லிவிட்டது.

வெல்லத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அண்ணன் பஸ் ஏறித் திண்டிவனம் போனார். ஒல்லிக் கட்சியில் யாரையோ பார்த்தார், சால்வை போட்டார்கள், ஒரு புது வேட்டியும் கொடுத்தார்கள். திரும்பி வந்து நேராக என் வண்டிக்கு வந்தார். கையில் மஞ்சப்பை. மேலே மல்லாட்டை, அடியில் வேட்டி.

"நல்லா கஞ்சி போட்டு வெறப்பா தேச்சி வைபா. யாருக்கும் தெரியக் கூடாது."

"சரிண்ணே."

"நாளைக்குக் காலைல இதக் கட்டிக்கினு பஜார் முழுக்க நடக்கப் போறன்."

"அப்போ எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேண்ணே."

"நாளைக்குத் தெரியலாம்யா. இன்னிக்குத் தெரியக் கூடாது."

நான் தேய்த்துக் கரையை உள்ளே வைத்து மடித்து, அதே மஞ்சப்பையில் மல்லாட்டைக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். ஒல்லிக் கரை. மடித்துக் கட்டாமல், கரை கணுக்கால் வரை தொங்க, மெதுவாக நடந்தார். தெரு அதிரும் என்று எதிர்பார்த்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்துக் கரியைக்கூட விசிறாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, வேட்டி மாறிப்போச்சு. உங்க சகலை வேட்டிய கட்டிக்கினு வந்துட்டீங்க."

சகலை என்றால் சகாதேவன். கோமளா அக்காவின் தங்கையைக் கட்டியவர், அண்ணனுக்குப் பக்கத்து வீடு, ஒல்லிக் கரையில் பெரிய ஆள். ஆளும் பெரிய ஆள்தான், வயிறு அவருக்கு முன்னால் போகும். ரெண்டு சகலைகளும் கட்சியால் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அக்காவும் தங்கையும் மட்டும் ரெண்டு வீட்டுத் துணியையும் ஒரே மூட்டையாகக் கட்டி என்னிடம் அனுப்புவார்கள். இது தெருவுக்கே தெரியும். அதனால் டீக்கடைக்காரர் சொன்னது எல்லாருக்கும் சரியாகப் பட்டது.

"மாறலபா. நான்தான் கட்சி மாறிட்டன்" என்றார் அண்ணன்.

"நீங்களாவது மாறறதாவது! எல்லாம் அந்த இஸ்திரிக்காரன் வேல. வயசாவுது அவனுக்கு, கண்ணு தெரியல."

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கண் நன்றாகத்தான் இருந்தது.

அண்ணன் பஜார் முழுக்க நடந்தார். போகிற இடமெல்லாம் ஆட்கள் சிரித்தார்கள். வாட்சப்பில் படம் போய்விட்டது. கீழே, "இஸ்திரியின் சதி" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அண்ணன் கோபத்தோடு என் வண்டிக்கு வந்து, கூட்டத்துக்கு முன்னால், "நீயே சொல்லுபா. இத நான் குடுத்தேனா இல்லியா?" என்றார். அவரே கேட்கிறார், அவர் வேட்டி. சொல்லலாம் என்று நினைத்து, "அண்ணன் குடுத்ததுதாங்க. நான் மாத்தல" என்றேன்.

கூட்டத்தில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா அந்த மனுஷன் மனச! இவன் பொழப்பு கெட்டுடக் கூடாதுன்னு, தானே கட்சி மாறிட்டேன்னு சொல்றாரு. யாருக்கு வரும் இந்தப் பெருந்தன்மை?"

அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மதிப்பு ஏறியது. என் மதிப்பு இறங்கியது. துணி மாற்றிக் கொடுக்கிறவன் என்ற பேர் நம்ம தொழிலுக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரசீது இல்லை, சீட்டு இல்லை. கல்யாணப் பட்டுப் புடவையைக்கூட வெறும் நம்பிக்கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த நம்பிக்கை போனால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

மதியத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், துணி கொடுக்க இல்லை, திரும்ப வாங்க. ஒரு வாத்தியார் தன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது என் வாசனை இல்லையே" என்றார். ஒருத்தர் என் கண் முன்னாலேயே அவருடைய ஐந்து சட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். பொருந்தின. அப்படியும் சந்தேகம் தீராமல் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு அம்மா போன தீபாவளி ரவிக்கையைக் கொண்டுவந்து, "கை டைட்டா இருக்குது. இது என்னுது இல்ல" என்று சண்டை போட்டார். கல்யாண வீட்டு மூட்டை ஒன்று இருந்தது. தேய்க்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதில் சகாதேவன் வேறு வந்து சேர்ந்தார். "என் வேட்டி ஒண்ணு கொறையுது. அத அவன் கட்டிக்கினு திரியறான்" என்று தெருவில் நின்று கத்தினார். உண்மையில் ஒன்று குறைந்தது. அவர் வீட்டுக்காரம்மா அதைக் கிழித்து இட்லித் துணி ஆக்கியிருந்தார். ஆனால் சகாதேவனுக்கு இட்லி விஷயத்தைவிட வேறு கவலை. அவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "இவன் அந்தக் கட்சியில இருந்ததாலதான் நான் இந்தக் கட்சியில நிம்மதியா இருந்தேன். இங்கயும் வந்துட்டா நான் எங்கபா போவேன்?"

சாயந்திரம் ஆனது. அகலக் கட்சியின் உள்ளூர்த் தலைவர் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் போன கொஞ்ச நேரத்தில் அண்ணன் என் வண்டிக்கு வந்தார். முகம் மாறியிருந்தது. லுங்கி கட்டியிருந்தார்.

"தம்பி, தெருவே என் பக்கம் இருக்குதாம். மருமவள விலக்கிட்டு உங்க அக்காவுக்கே சீட்டு தரன்னு தலைவரு சொல்றாரு. ஒரே ஒரு வார்த்தைதான் வேணும். காலைல தெருவுக்கு முன்னாடி, ஆமா நான்தான் வேட்டிய மாத்திட்டேன்னு சொல்லிடு."

"காலைல மாத்தலன்னு சொல்லச் சொன்னீங்களேண்ணே."

"காலைல சொன்னது காலைலக்கு."

"என் கடைண்ணே?"

"உனக்கு வேற ஊர்ல வண்டி போட்டுத் தரன். பனமலைல ஏரி ஓரமா போட்டா நல்லா காத்து வரும்."

"காத்து வந்தா கரி பறக்கும்ணே."

அவர் காதில் விழவில்லை. காலையில் வருகிறேன் என்று போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் உங்க அம்மாவிடம் சொன்னேன். அப்போது குமரனுக்குப் பள்ளிக்கூடப் பீசு கட்ட வேண்டும், செல்விக்குக் காது குத்தலாமா என்று பேசிக்கொண்டிருந்த நேரம். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"மாத்தினேன்னு சொன்னா நாளைலேர்ந்து ஒரு துணி வராது. மாத்தலன்னு சொன்னா அந்த மனுஷன் ரெண்டு பக்கமும் இல்லாம தெருவுல நிப்பாரு. பேசாம வாய மூடிக்கினு இரு."

"வாய மூடினா ஒத்துக்கிட்டேன்னு ஆயிடுமே."

"அப்போ வாயத் தொற, ஆனா எதுவும் சொல்லாத" என்றாள். இன்றைக்கு வரைக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அதுதான் நடந்தது.

மறுநாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினால், கோமளா அக்கா மூட்டையோடு நிற்கிறார். ஊரே துணியைத் திரும்ப வாங்கிப் போகிறது, இந்த அம்மா துணி கொண்டு வருகிறார். மூட்டையைப் பிரித்தேன். நேற்று அண்ணன் கட்டிய அந்த ஒல்லிக் கரை வேட்டியும் துவைத்துக் காய்ந்து உள்ளே இருந்தது.

"நீ மாத்தலன்னு எனக்குத் தெரியும் தம்பி. நான் பாக்காமயா அந்த மஞ்சப்பை வூட்டுக்குள்ள வந்துச்சு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவரு கரைய பாத்து எங்க வூட்டு ஓட்ட எண்றாங்களே, அதான் எனக்கு சிரிப்பு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் ஒல்லிக்குத்தான் போட்டுக்கினு வரேன்" என்றார்.

நான் பெட்டியை ஓரமாக வைத்தேன்.

"எங்க நைனா அவலூர்பேட்டைல ஒல்லிக் கட்சி. நான் அவரு பொண்ணு. என் தங்கச்சி எங்க அம்மா செல்லம், அம்மா அகலம். அதனால அது சகாதேவன் வூட்டுல இருந்துக்கினு அகலத்துக்குப் போடும். ரெண்டு பேரும் ஓட்டுப் போட்டுட்டு ஒண்ணாத்தான் திரும்பி வருவோம்."

இதை நான் எழுதலாமா என்று நேற்று அக்காவிடமே கேட்டேன். "எழுது. படிச்சிட்டு அவரு இன்னா சொல்றாருன்னு பாக்கலாம்" என்றார். அதனால் எழுதுகிறேன். கேட்காமல் எழுதியிருக்க மாட்டேன்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பி வீட்டு வாசலுக்குப் போவதற்குள் கூட்டம் வந்துவிட்டது. முன்னால் தலைவர், பின்னால் ரத்தினவேலு அண்ணன், எதிர்ப்பக்கத்திலிருந்து சகாதேவன், டீக்கடையிலிருந்து மொத்த டீக்கடை. ரெண்டு கட்சிக்காரர்களும் ஒரே பக்கம் நின்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வேட்டியை மாற்றியவன் நான்தான் என்று ஆனால்தான் ரெண்டு பேருக்கும் நல்லது.

தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணும் பயப்படாத. மனுஷன்னா தப்பு வரும். மாத்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு, எல்லாரும் அவங்கவங்க வேலைக்குப் போவாங்க."

அண்ணன் என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். சகாதேவன் முறைத்தார். முந்தாநாள் வரை என்னிடம் துணி கொடுத்தவர்கள் எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆமாம் என்றால் என் கடை போகும். இல்லை என்றால் அண்ணன் போவார். உள்ளே எதுவோ தீயும் வாசனை வருகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அந்தத் திண்டிவனத்துக் குரல் ஞாபகம் வந்தது. முதலில் பெட்டியைத் தூக்கு. அழுத்தம் எதன் மேல் இருக்கிறதோ அதை எடுத்துவிடு. அழுத்தம் எல்லாம் அந்த வேட்டி மேல்தான். அது என் வண்டியில் இருக்கிற வரைக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.

வேட்டியை எடுத்தேன். தேய்த்தேன். கரையை உள்ளே வைத்து மடித்தேன்.

"தப்பு யாருதுன்றத அப்புறம் பேசலாங்க. மொதல்ல வேட்டி யாருதோ அவங்க வாங்கிக்கட்டும்" என்றேன். அண்ணனைப் பார்த்துக் கேட்டேன்: "அண்ணே, சகலைகிட்ட குடுத்துடட்டுமா?"

நான் அவருக்கு ஒரு வழி விட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம்.

"குடுபா குடு. அவன் வேட்டிதான்" என்றார் தலைவருக்குக் கேட்கும்படி.

"இதுங்களாண்ணே உங்க வேட்டி?" என்று சகாதேவனைக் கேட்டேன்.

"என்னுதுதான். பாத்தாலே தெரியுதே" என்று வாங்கிக்கொண்டார்.

அதோடு முடிந்திருக்கும். டீக்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. "கட்டிக்கினு போ மாமா. நேத்துலேர்ந்து அவரு கட்டிப் பாத்தாச்சு, நீயும் கட்டினா எங்களுக்கு நிம்மதி" என்றார். தெரு முழுக்கச் சிரித்தது. சகாதேவன் வீம்புக்காரர். லுங்கிக்கு மேலேயே வேட்டியைப் பிரித்து இடுப்பில் சுற்றினார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ரத்தினவேலு அண்ணன் கட்டுவது நாலு முழம். அவர் இடுப்புக்கு அதுவே அதிகம். திண்டிவனத்தில் ஆளைப் பார்த்து அளவாகத்தான் கொடுத்திருந்தார்கள். சகாதேவன் எட்டு முழம் தவிர வேறு கட்ட முடியாது. இத்தனை நாளும் எல்லாரும் கரையைத்தான் பார்த்தார்கள். துணி எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை.

வேட்டி சுற்றி வந்து முன்பக்கம் சேரவில்லை. சகாதேவன் மூச்சை இழுத்துப் பிடித்தார். கொஞ்சம் நெருங்கியது. மூச்சை விட்டார். தூரம் போனது. ரெண்டு பேர் உதவிக்கு வந்து ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். வேட்டியின் ரெண்டு முனையும் அவர் வயிற்றின் மேல் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"தொவைச்சதுல சுருங்கிப்போச்சு" என்றார் சகாதேவன்.

வாசலிலிருந்து கோமளா அக்கா, "நான்தான் தொவைச்சேன். பாதியா சுருங்கற அளவுக்குத் தொவைக்கல" என்றார்.

பிறகு அந்த வாத்தியார்தான் முதலில் பேசினார். "அப்போ இஸ்திரிக்காரரு மாத்தல."

"அப்போ அண்ணன்தான் மாறிட்டாரா!" என்றார் டீக்கடைக்காரர்.

நேற்றிலிருந்து அண்ணன் தொண்டை கிழியச் சொன்னதைத் தெரு அப்போதுதான் நம்பியது. அவருக்கு அது வேண்டாத நேரத்தில். தலைவர் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார். "எங்க கட்சியிலயும் இந்த ஆளு வேணாம்" என்று சகாதேவன் வேட்டியை என் வண்டி மேல் போட்டுவிட்டுப் போனார். அண்ணன் கட்சி இல்லாமல், சீட்டு இல்லாமல், லுங்கியோடு நடுத்தெருவில் நின்றார். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நான் செய்தது சரிதானா என்று இப்போதும் ராத்திரியில் யோசிப்பதுண்டு. வழி விட்டேன் என்று எழுதினேன். ஆனால் அளவு எனக்குத் தெரியும். தெரிந்து கொடுத்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அக்கா வாசலிலிருந்து இறங்கி வந்தார். அண்ணனின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, தெருவைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு கட்சியும் இவர வேணாம்னுட்டீங்க. சரி. என்ன ஒருத்தரும் கேக்கலியே? வார்டு பொம்பளைங்க வார்டுதானே?"

அடுத்த நாளே சுயேச்சையாக மனு போட்டார். முன்மொழிய ஆள் வேண்டுமே, தங்கைதான் கையெழுத்துப் போட்டது. சகாதேவன் வீட்டில் அன்று சோறு பொங்கவில்லை என்று கேள்வி.

என் துணி எல்லாம் திரும்பி வந்தது. கல்யாண வீட்டு மூட்டை முதலில் வந்தது. ரவிக்கை அம்மாவும் வந்தார். "டைட்டுதான். ஆனா என்னுதுதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் மட்டும் என் பக்கமே திரும்பவில்லை. மண்டிக்குப் போகும்போது தெருவின் அந்த ஓரமாகவே நடந்தார்.

கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன். சின்னம் ஒதுக்கினார்கள். சுயேச்சைக்கு இருந்த சின்னங்களில் அக்காவுக்கு வந்தது இஸ்திரிப் பெட்டி.

மறுநாளே ஒரு அதிகாரி வண்டிக்கு வந்துவிட்டார். புகார் வந்திருக்கிறதாம். நான் பொது இடத்தில் வேட்பாளரின் சின்னத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறேனாம்.

"சார், சட்ட தேய்க்கறன்."

"தேயுங்க. தூக்காம தேயுங்க."

"தூக்கலன்னா எரிஞ்சிடும் சார்."

அவர் நல்ல மனிதர். வேலை இல்லாதபோது சாக்குப் போட்டு மூடி வையுங்கள் என்றார். மூடினேன். உள்ளே கரி இருந்ததால் சாக்கிலிருந்து புகை வந்தது. அகலக் கட்சிக்காரர் ஒருத்தர் ஓடிவந்து, "சார், பொகை வருது பாருங்க. அதுவே பிரசாரம்" என்றார். ஒல்லிக் கட்சிக்காரரும் வந்து ஆமாம் என்றார். ரெண்டு கட்சியும் ஒன்றாக நின்று நான் பார்த்தது அது ரெண்டாவது முறை. கடைசியில் ஓட்டுப் போடும் நாளில் கடையே வைக்கக் கூடாது என்று முடிவானது. அன்று சாவடிக்குப் பக்கத்தில் கரை வேட்டியும் கூடாது என்பதால் ஆண்கள் எல்லாம் வெள்ளை வேட்டியிலும் லுங்கியிலும் வந்தார்கள். வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த ரெண்டு கட்சி ஆட்களுக்கும் யார் யாருடைய ஆள் என்று தெரியவில்லை. வருகிற எல்லாருக்கும் கும்பிடு போட்டுக் கை வலி எடுத்துவிட்டது. பெண்கள் வண்ண வண்ணமாக வரிசையில் நின்றார்கள். புடவையிலும் கரை உண்டுதான். ஆனால் எந்தக் கட்சிக்காரராலும் அதைப் படிக்க முடியாது.

கோமளா அக்கா ஜெயித்தார். எத்தனை அகலம், எத்தனை ஒல்லி என்று விரல் விட்டு எண்ணி வைத்திருந்தவர்கள் ஓட்டு எண்ணும் இடத்தில் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்களாம்.

மறுநாள் காலை வண்டியில் நெருப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். தெருவின் இந்த ஓரமாக ஒரு ஆள் வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தால் ரத்தினவேலு அண்ணன். கையில் அதே மஞ்சப்பை. மல்லாட்டை இல்லை. உள்ளே ஒரு வேட்டி, வெறும் வெள்ளை, கரையே கிடையாது.

"பதவி ஏற்புக்குக் கட்டிக்கினு வரச் சொன்னா உங்க அக்கா" என்றார். அதுதான் அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"கரை இல்லியேண்ணே. எத உள்ள வெச்சி மடிக்கறது?"

அண்ணன் வேட்டியை எடுத்து வண்டி மேல் வைத்தார். "நீ எப்பவும் போல மடிபா" என்றார்.

குமரா, உன்னிடம் வந்து கேட்டவர் யார் என்று பேரைச் சொன்னாய். அவருடைய வேட்டியைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். உனக்குக்கூட எழுத மாட்டேன். அவர் மறுபடி வந்தால், பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தேய்க்க ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேள். கொடுத்தால் வாங்கு. கரையை உள்ளே வைத்து மடித்துக் கொடு.